கிணறும் வாய்க்காலும்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலே உள்ள அச்சுவேலி என்னும் கிராமம் எனது ஊர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் எங்கள் நாட்டுப்புறத்தில் இல்லை. மாரியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்த நீரை நம்பியே வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் எங்கள் செம்மண்ணில் விளைகின்றன. முற்காலத்தில் ஒரு தோட்டத்துக்கு இறைப்பதென்றால் மூவகை வேலையாட்கள் வேண்டும். ஒருவர் துலா மிதிப்பார்; ஒருவர் பட்டை பிடிப்பார்; மற்றொருவர் வாய்க்கால் வழியே வரும் நீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிவிடுவார். துலா மறைந்து இறைக்கும் இயந்திரம் வந்த பின்னரும் தண்ணீர் மாறுகிறவரின் வேலை மாத்திரம் நின்றபாடில்லை. கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தாலும் வாய்க்கால் செவ்வையாக இல்லாவிட்டாற் பயிருக்குப் பயனில்லை என்பதை எங்களூர்ச் சிறுவரும் அறிவர்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தோட்டமன்று, இணையம். ஆயினும் கிணற்றடியிலிருந்து தொடங்கியதற்குக் காரணமுண்டு. என் தம்பியின் மகன், எனக்குப் பெறாமகன், அச்சுவேலிச் சந்தைக்கு அண்மையிலே நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தும் சிறு கடையொன்றை நடத்துகின்றான். தொழிலின் முதற்பாடங்களை ஒரு முதியவரிடம் கற்றான். மேலும் கற்றதெல்லாம் கைத்தொலைபேசியின் மூலமே. வெவ்வேறு தேசங்களிலுள்ள திருத்துநர்கள் ஒருவரையொருவர் வினாவி, விடையெழுதி, படம் பிடித்துக் காட்டும் பொதுமன்றம் ஒன்று இணையத்திலே உண்டு. அதனை அவன் அம்மன்றத்துக்குரிய நிறுவனத்தின் செயலியிற் படிப்பதில்லை. வேறொருவர் தனியாக ஆக்கிய செயலியிலேயே படித்து வந்தான். அதில் எழுத்துப் பெரிதாகத் தெரியும், விளம்பரம் குறுக்கிடாது, மெதுவான தொடர்பிலும் விரைவாகத் திறக்கும். ஒருநாட் காலை அந்தச் செயலி, இனி மாதம் நான்கு டொலர் சந்தா கட்டினாலன்றித் திறவேன் என்றது. அன்று மாலை அவன் என்னிடம் வந்தான். "பெரியப்பா, அங்கே எழுதுகிறவர்களுள் நானும் ஒருவன். நான் எழுதியதையும் சேர்த்துத்தான் எனக்கு விற்கிறார்கள். இது நியாயந்தானா?" என்று கேட்டான்.

அவனுடைய கேள்விக்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ என்னாற் கூற முடியவில்லை. ஆராய்ந்து பார்த்ததன் பயனை இங்கு நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் இந்த ஏற்பாடு எவ்வாறு நடைபெறுகின்றதென்று பார்ப்போம். ஒரு சமூக வலைத்தளத்தின் எழுத்துகளும் படங்களும் அந்நிறுவனத்தின் கணினிகளிலே சேமிக்கப்பட்டிருக்கின்றன. வெளியாரின் செயலியொன்று அவற்றைக் கேட்டுப் பெறுவதற்கென நிறுவனம் ஒரு வாயிலைத் திறந்து வைக்கும். கணினித் துறையார் அதனை ஏ.பி.ஐ. என்ற மூன்றெழுத்தாற் குறிப்பர். நாம் அதனை இணைப்பு வாயில் என்போம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், செயலி அந்த வாயிலிற் சென்று ஒரு கேட்பை விடுக்கின்றது. மறுமொழிகளைத் திறந்தால் இன்னொரு கேட்பு. விருப்பக் குறி இட்டால் வேறொரு கேட்பு. விரலாற் பக்கத்தை மேலே தள்ளித் தள்ளிப் படிக்கும் ஒருவர் தாம் அறியாமலே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கேட்புகளை விடுத்துவிடுவார். பட்டைக்குப் பட்டை எண்ணி நீர் இறைப்பதைப் போன்றது இது. எண்ணியவர்க்கு மட்டுமே எத்தனை பட்டை என்று தெரியும்.

தொடக்கத்தில் இந்த வாயில்களுக்குக் கட்டணம் இருக்கவில்லை. அதற்கு நல்ல காரணமும் இருந்தது. புதிதாக வெட்டிய கிணற்றுக்கு வாய்க்கால் வேண்டுமல்லவா? டுவிட்டர் நிறுவனம் தனக்கெனச் செயலி செய்யாதிருந்த காலத்திலே, டுவிட்டரிஃபிக் என்னும் வெளியார் செயலி 2007ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. குருவியின் உருவத்தைச் சின்னமாகக் கொண்டதிலும், 'டுவீட்' என்ற சொல்லை வழக்கிற் கொணர்ந்ததிலும் அச்செயலியே முந்தியது. 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ரெடிட் என்னும் பொதுமன்றத்தின் கதையும் இத்தகையதே. வெளியார் ஆக்கிய ஏலியன் புளூ என்ற செயலியை அந்நிறுவனம் 2014ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது; தன் பெயரிலே செயலிகளை வெளியிட்டது 2016ஆம் ஆண்டிலேதான். வெளியார் வெட்டிய வாய்க்கால்களால் அதற்குமுன்னரே தோட்டம் பெருகியிருந்தது.

2023ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டு சனவரியில், டுவிட்டரைப் படிக்க உதவிய வெளியார் செயலிகள் முன்னறிவிப்பின்றி ஓரிரவிலே செயலிழந்தன. சில நாட்களின் பின்னரே விதிகள் திருத்தப்பட்டு, நிறுவனத்தின் செயலிக்கு மாற்றாக அமையும் செயலிகள் தடைசெய்யப்பட்டன. டுவிட்டரிஃபிக்கும் டுவீட்பாட் என்ற மற்றொன்றும் அத்துடன் முடிவுற்றன. மார்ச் மாத இறுதியிலே புதிய கட்டணப் படிகள் வந்தன. மாதம் 100 டொலர் கட்டுபவர் 10,000 பதிவுகளைப் படிக்கலாம் என்பது அவற்றுள் ஒரு படி. அதே ஆண்டு யூலையில் அத்தளம் எக்ஸ் எனப் பெயர் மாறியது.

ரெடிட் நிறுவனம் வாயிலை அடைக்கவில்லை; விலை குறித்தது. கட்டணம் வரப்போகின்றது என்பதை 2023 ஏப்ரலில் அறிவித்தது. எவ்வளவு என்பது மே மாத இறுதியிலே வெளியாயிற்று. நடைமுறைக்கு வந்த நாள் யூலை 1. விலை, ஆயிரம் கேட்புக்கு 24 சதம். அதாவது ஐந்து கோடிக் கேட்புக்கு 12,000 டொலர். கேட்கும்போது சிறு தொகையாகத் தோன்றும் இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டியன் செலிக் என்பவர் 2017ஆம் ஆண்டிலே வெளியிட்ட அப்பல்லோ என்ற செயலி ரெடிட் வாசகரிடையே மிகுந்த மதிப்புப் பெற்றிருந்தது. அதன் கணக்கை அவரே பகிரங்கமாக வெளியிட்டார். ஒரு மாதத்தில் அச்செயலி விடுத்த கேட்புகள் 700 கோடி. புதிய விலையில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி டொலர். அத்தொகையை ஒரு வாசகருக்கெனப் பிரித்தால் கணக்கு எளிதாகும். சராசரியாக ஒருவர் நாளுக்கு 344 கேட்புகளை விடுத்தார். முப்பது நாளுக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். மாதக் கட்டணம் இரண்டரை டொலர். படங்களைச் சேமித்து வழங்கும் இம்கர் என்ற வேறொரு நிறுவனத்துக்கு இதே ஐந்து கோடிக் கேட்புக்குத் தாம் கொடுப்பது 166 டொலர் என்றும் செலிக் ஒப்பிட்டுக் காட்டினார். 166 எங்கே, 12,000 எங்கே!

இரண்டரை டொலர்தானே, அதற்கேற்பச் சந்தாவை உயர்த்தினாற் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். சிக்கல் இருப்பது விலையில் மட்டுமன்று, காலத்திலும் இருக்கின்றது.

சந்தா என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கியது 1841ஆம் ஆண்டிலே. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் எங்கள் அச்சுவேலியிலும் ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சுக்கூடம் இயங்கியது. சந்தாவை நம்பிப் பத்திரிகை நடத்தும் ஓர் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேரிடம் ஓராண்டுச் சந்தாவை முன்கூட்டியே பெற்றுவிட்டார். தாளுக்கும் மைக்கும் தபாலுக்கும் அன்றிருந்த விலையை வைத்தே சந்தாவை வகுத்திருந்தார். சித்திரையிலே சந்தா வாங்கியவரிடம் ஆடியிலே வந்து, நாளை முதல் தபாற்கட்டணம் மும்மடங்கு என்று சொன்னால் அவர் என் செய்வார்? புதிய சந்தாக்காரரிடம் கூடுதலாகக் கேட்கலாம். முன்பணம் கட்டியவர்க்கோ பங்குனி வரை நட்டத்தில் அனுப்பியாக வேண்டும். அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்த வேண்டும்.

அப்பல்லோவுக்கு நேர்ந்தது இதுவே. ஏறக்குறைய 50,000 பேர் ஆண்டுச் சந்தாவை முன்னரே கட்டியிருந்தனர். அவர்கள் கட்டியது சராசரி பத்து டொலர். புதிய கட்டணத்திலே அத்தகைய ஒருவருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ முப்பது டொலர். விலை தெரிந்ததற்கும் அது நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே கிடைத்த தவணை ஒரு மாதம். யூன் 30ஆம் நாள் அப்பல்லோ மூடப்பட்டது. மீதிக் காலத்துக்கான சந்தாவைத் திருப்பிக் கொடுக்க இரண்டரை இலட்சம் டொலர் வேண்டியிருக்கும் என்று செலிக் மதிப்பிட்டார். தம் பணம் திரும்ப வேண்டாம் என நினைப்பவர் அதனைத் தெரிவிக்கவும் செயலியில் வழிசெய்தார். டுவிட்டரால் மூடுண்ட செயலிகளின் ஆக்கியோரும் தம் சந்தாதாரரிடம் அவ்வாறே வேண்டிக்கொண்டனர். ரெடிட் இஸ் ஃபன், சிங்க், பேக்கன்ரீடர் என்பனவும் அப்பல்லோவுடன் மறைந்தன.

எல்லாச் செயலிகளும் மறையவில்லை. நார்வால் என்ற செயலி மாதம் நான்கு டொலருக்கு ஒரு சதம் குறைவான சந்தாவுடன் தொடர்ந்தது. ரிலே என்ற செயலியோ நாளொன்றுக்கு விடுக்கும் கேட்புகளின் எண்ணிக்கைக்கேற்பச் சந்தாவைப் படிப்படியாக வகுத்தது. கொஞ்சமாகப் படிப்பவர் கொஞ்சமாகவும், நெடுநேரம் படிப்பவர் அதிகமாகவும் கட்டலாம். வாசகருக்கு ஆகும் செலவு இரண்டரை டொலரானால், நான்கு டொலர் ஏன் என்று கேட்கத் தோன்றும். செயலிகளை விற்கும் கடைகளான அப்பிள், கூகிள் ஆகியவை 2023ஆம் ஆண்டிலே சந்தாவில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை தரகு எடுத்துக்கொண்டன. முப்பது வீதம் போனால் நான்கு டொலரில் மிஞ்சுவது 2 டொலர் 80 சதம். அதில் இரண்டரை வாயிலுக்குப் போகும். ஆக்கியவனின் உழைப்புக்கு எஞ்சுவது 30 சதம். அதிகமாகப் படிக்கும் வாசகர் ஒருவர் வந்து சேர்ந்தால் அந்த 30 சதமும் போய்க் கைநட்டம் வரும். வரவு மாதக் கணக்கில், செலவு பட்டைக் கணக்கில். இத்தொழிலின் இடர் அங்கேதான் இருக்கின்றது.

இனி, கிணற்றுக்காரரின் நியாயத்தையும் கேட்க வேண்டும். ஒருபக்க வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. கிணற்றை வெட்டியவரும், தூர் வாருபவரும், இயந்திரத்துக்கு எண்ணெய் வார்ப்பவரும் அவரே. அத்தனை கணினிகளை இரவும் பகலும் இயக்க மிகுந்த செலவாகும். நிறுவனத்தின் வருவாய் விளம்பரத்தால் வருவது. வெளியார் செயலியிலே அந்த விளம்பரம் தோன்றுவதில்லை. ஆகவே அதிற் படிக்கும் ஒவ்வொருவரும் நிறுவனத்துக்குச் செலவேயன்றி வரவன்று. அதனினும் பெரிய காரணம் ஒன்று அக்காலத்திலே தோன்றியிருந்தது. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களைப் பயிற்றும் பெருநிறுவனங்கள் இத்தகைய மன்றங்களின் உரையாடலை இலவசமாக அள்ளிச் சென்றன. கோடி கோடியாகப் பொருளீட்டும் அவர்களுக்கு இலவசமாக வழங்கத் தேவையில்லை என்று ரெடிட்டின் தலைவர் ஸ்டீவ் ஹஃப்மன் 2023 ஏப்ரலிலே கூறினார். அக்கூற்றில் நியாயம் உண்டு. லொறி லொறியாக நீர் கொண்டுபோகிறவனிடம் விலை கேட்பதை யார்தான் குறை சொல்வர்? 2024 மார்ச்சில் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் பொருட்டு வெளியிட்ட ஆவணத்திலே, தரவுகளைப் பயன்படுத்த உரிமம் வழங்கியதால் 20 கோடியே 30 இலட்சம் டொலர் மதிப்புள்ள ஒப்பந்தங்கள் கைக்கூடியிருந்தமை தெரியவந்தது.

ஆனால் லொறிக்காரனுக்கு வைத்த படலையிலே குடத்தோடு வந்தவனும் நிறுத்தப்பட்டான். ஆயிரம் கேட்புக்கு 24 சதம் என்ற விலை, இயந்திரத்துக்குத் தீனி தேடும் பெருநிறுவனத்துக்குச் சில்லறைக் காசு. ஒற்றை மனிதன் ஆக்கிய செயலிக்கு அது முதலையே விழுங்கும் தொகை. இருவரையும் ஒரே முழக்கோலால் அளந்தது சரியா என்பதே என் ஐயம்.

பெறாமகன் கேட்ட கேள்வியின் உயிர்நிலையும் இங்கேதான் இருக்கின்றது. கிணற்றை வெட்டியவர் ஒருவர். நீரைத் தந்தது மழை. அந்த மன்றங்களில் மழையாகப் பெய்தவர்கள் யார்? ஊதியமின்றி எழுதிய இலட்சக்கணக்கான மக்கள். தன் இயந்திரம் பழுதானபோது பட்ட பாட்டை இன்னொருவன் படக்கூடாதென்று இரவில் விழித்திருந்து விடையெழுதியவர்கள். சண்டை சச்சரவின்றி மன்றத்தைக் காத்த நெறியாளர்களும் சம்பளம் பெறாத தொண்டர்களே. அந்த நெறியாளர்களே 2023 யூன் 12ஆம் நாள் தொடங்கித் தம் மன்றங்களை அடைத்து எதிர்ப்புக் காட்டினர். அடைபட்ட மன்றங்கள் 7,000க்கு மேற்பட்டன. பெரும்பாலானவை பின்னர்த் திறந்தன, விலை மாறவில்லை.

அச்சுவேலிக்கு அயலில், நவக்கிரியிலே, நிலாவரைக் கிணறு இருக்கின்றது. இராமபிரான் அம்பு எய்து உண்டாக்கியது என்பது கர்ணபரம்பரைக் கதை. அதன் மேற்பரப்பிலே நன்னீர், ஆழத்திலே உவர்நீர். மழைநீர் கனங்குறைந்ததாதலால் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. மட்டாக இறைத்தால் இனிய நீர் கிடைக்கும். அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினாற் கீழுள்ள உவர் மேலெழும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் இயல்பும் இதுவே. மக்கள் மனமுவந்து எழுதுவதால் நிறையும் மன்றங்களுக்கும் இவ்வியல்பு உண்டென்றே எண்ணுகின்றேன். தம் எழுத்து விற்பனைச் சரக்காயிற்று என்ற கசப்பு எழுதுவோர் நெஞ்சில் ஊறத் தொடங்கினால் நன்னீர் வற்றும். சிலர் அந்நாளிலே தாம் எழுதிய பழைய விடைகளை அழித்துவிட்டுச் சென்றனர். பின்னால் அந்த விடையைத் தேடி வந்தவனுக்கு வெறும் பாத்தியே மிஞ்சியது.

இன்னுமொரு செய்தியைச் சொல்லாமல் விடலாகாது. கண்பார்வையற்றோர் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிக் கேட்டே இணையத்தைப் பயன்படுத்துகின்றனர். நிறுவனத்தின் செயலி அதற்கு ஏற்றதாக இல்லாதிருந்தமையால் வெளியார் செயலிகளே அவர்களுக்குக் கண்ணாயிருந்தன. கட்டணம் அறிவிக்கப்பட்டபோது முதலில் கலங்கியவர்களுள் அவர்களும் இருந்தனர். அவர்களுடைய முறையீட்டின் பயனாக, இலாபநோக்கின்றி இப்பணியைச் செய்த ரெட்ரீடர், டிஸ்டோப்பியா, லூனா என்ற செயலிகளுக்குக் கட்டண விலக்கு அளிக்கப்பட்டது. கேட்டவர்க்குக் கிடைத்தது என்பது ஆறுதல். கேட்கும்வரை நினைக்கப்படவில்லை என்பது வருத்தம்.

டொலரிலே குறிக்கப்படும் விலை எங்கள் ஊருக்கு வரும்போது வேறு உருவம் கொள்கின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபா கொடுத்தோம். மார்ச்சில் ரூபாவின் பெறுமதி தளர்த்தப்பட்டபின், மே மாதமளவில் அது 360 ரூபாவை எட்டியது. நான்கு டொலர் சந்தா சில மாதங்களுக்குள் 800 ரூபாவிலிருந்து 1,440 ரூபாவாகிவிடும். செயலியை ஆக்கியவன் ஒரு சதமேனும் ஏற்றவில்லை. பின்னர் ரூபா ஓரளவு மீண்டு 300ஐ ஒட்டி நின்ற காலத்திலும் அது 1,200 ரூபா. ஒட்டாவாவில் இருப்பவருக்கு ஒரு கோப்பைக் காப்பியின் விலையாகத் தோன்றுவது, அச்சுவேலியில் இயந்திரம் திருத்துபவனுக்கு ஒரு பொழுதுக் கூலியில் ஒரு பங்கு. பணமிருந்தாலும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு உரிய வங்கி அட்டை வேண்டும். அதுவும் எல்லோரிடமும் இல்லை. உலகம் முழுவதற்கும் ஒரே விலை என்பது பார்வைக்குச் சமத்துவம், சுமப்பவனுக்கு அப்படியன்று.

அப்படியாயின் சந்தாவே கூடாதென்பதா? அல்ல. வாய்க்கால் வெட்டுகிறவனும் உண்டு உடுத்து வாழ வேண்டும். வேறொரு முறையையும் உலகம் கண்டிருக்கின்றது. மாஸ்டடொன் என்னும் வலையமைப்பு ஒரே நிறுவனத்தின் கணினியில் அமைந்ததன்று. பலர் பல இடங்களில் நடத்தும் கணினிகள் ஒரு பொது விதிப்படி ஒன்றோடொன்று பேசுகின்றன. அக்டிவிட்டிபப் எனப்படும் அவ்விதி 2018ஆம் ஆண்டிலே உலகளாவிய வலைச் சங்கத்தால் நியமமாக ஏற்கப்பட்டது. அங்கே இணைப்பு வாயிலுக்குக் கட்டணம் இல்லை. டுவீட்பாட்டை இழந்தவர்கள் அதே மாதத்திலே ஐவரி என்ற செயலியை மாஸ்டடொனுக்காக வெளியிட்டனர். ஐவரிக்கும் சந்தா உண்டு. ஆனால் அந்தச் சந்தா, கடைத் தரகு போக, ஆக்கியவரின் உழைப்புக்கே சேர்கின்றது. ஊரார் பங்குபோட்டு வெட்டிய பங்குக் கிணற்றுக்கு இதனை ஒப்பிடலாம். முறைநாள் வந்தால் அவரவர் இறைத்துக்கொள்வார்கள். தூர் வாரும்போது அவரவர் பங்கைக் கொடுப்பார்கள். பங்குக் கிணற்றிலும் சண்டை வருவதுண்டு என்பதை நான் மறைக்கவில்லை. செலவை ஏற்பவர் களைத்துப்போனால் அத்தகைய கணினியும் நின்றுவிடும். ஆயினும் ஒருவர் மனம்மாறினால் ஊர் முழுவதும் தாகத்தால் வாடும் நிலை அங்கே இல்லை.

ஆகவே, நேயர்களே, ஒரு செயலி உங்களிடம் சந்தா கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, நான் கொடுக்கும் பணம் யாரைச் சேர்கின்றது? உழைத்தவனையா, வாயிலையா, கடையையா என்று தெரிந்தால், ஆக்கியவன் மீது வீணாகக் கோபம் கொள்ளமாட்டோம். பெறாமகனின் நான்கு டொலரும் பெரும்பாலும் ஆக்கியவனின் பையிலே தங்குவதில்லை. இரண்டாவது, நான் எவ்வளவு படிக்கின்றேன்? படிக்கு ஏற்ற விலை உண்டென்றால் குறைந்த படியே பலருக்குப் போதும். மூன்றாவது, நாளை இது நின்றால் என் நிலை என்ன? ஆண்டுச் சந்தா மலிவாகத் தோன்றும். வாயில் இன்னொருவரின் கையில் இருக்கும்வரை மாதச் சந்தாவே பாதுகாப்பு. செலவு மாறியதும் ஆண்டுச் சந்தா பெற்றவர் எவ்வாறு அகப்பட்டார் என்பதைப் பார்த்தோம். கட்டியவரும் அவ்வாறே அகப்படுவார்.

நிறுவனங்களிடமும் நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. விலை வைக்கட்டும். அதனை ஓராண்டுக்கு முன்னதாகச் சொல்லட்டும். முன்பணம் வாங்கியவன் தன் வாக்கைக் காப்பாற்ற அத்தவணை வேண்டும். குடத்துக்கு ஒரு விலையும் லொறிக்கு ஒரு விலையும் இருக்கட்டும். தாம் எழுதியதைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவோரிடம் விலை கேளாதிருக்கட்டும். இவை மூன்றும் நடந்தால், கட்டணத்தைப் பற்றி எழும் மனக்குறையிற் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

என் பெறாமகனிடம் நான் கூறியதும் ஏறக்குறைய இதுவே. நியாயமா என்று நீ கேட்டாய். விலை கேட்டது அநியாயமன்று. கேட்ட விதம் அநியாயம் என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்தான். குறைந்த படியிலே மாதச் சந்தா கட்டுவதென்று முடிவு செய்தான். அத்தோடு நிற்கவில்லை. சந்தையில் ஒரு பெரிய கொப்பி வாங்கினான். அந்த மன்றத்திற் படித்துத் தான் செய்துபார்த்துப் பலன் கண்டவற்றைத் தமிழிலே எழுதத் தொடங்கினான். எந்த இயந்திரம், என்ன ஓசை, எந்த இடத்தில் பழுது, எவ்வாறு தீர்த்தது என்று படமும் வரைந்து வைக்கின்றான். கடைக்கு வரும் இளைஞர்கள் அதைப் புரட்டிப் பார்க்கின்றார்கள். சிலர் தாமும் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போகின்றார்கள்.

சென்ற கிழமை நான் அங்கே போனபோது அந்தக் கொப்பி முக்காற் பங்கு நிறைந்திருந்தது. நூலிற் கட்டிய பேனை ஒன்று அதன் அருகே தொங்கியது.